பாலைவனத்தில் ஒரு மீன் குழம்பு!



"கடலே இல்லாத ஊருக்கு வர்றே. வந்ததும் நல்ல மீன் எங்க கிடைக்கும்னு கேக்கறியே, உனக்கென்ன பைத்தியமா?"

போனில் என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் சிரித்ததிலும் தப்பில்லை. நான் கிளம்பிக் கொண்டிருந்த ஊர் சவூதி அரேபியாவின் தலைநகரம் ரியாத். சுற்றிலும் பாலைவனம். கிழக்கே தம்மாம் கடற்கரைக்குப் போக வேண்டுமென்றால் சுமார் 400 கிலோ மீட்டர். மேற்கே ஜித்தா கடற்கரை 900 கிலோ மீட்டருக்கும் மேல். நானோ பிறந்தது ராயபுரம் காசிமேடு, வாழ்க்கைப்பட்டது திருவொற்றியூர். காலையில் கதவைத் திறந்தால் கடல் காற்று மூஞ்சியில் அடிக்கும். மீன் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நான் பார்த்ததே இல்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. பத்தாவது வரைதான் படித்தேன். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போனவர். அம்மா இன்றைக்கும் மீன் விற்கிறாள். விடியற்காலை மூன்று மணிக்கு காசிமேடு ஏலத்தில் கூடை எடுத்து, ஷேர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு, காலடிப்பேட்டை, டோல்கேட் பக்கம் தெருத்தெருவாக விற்பாள். அந்தக் கூடையில்தான் நானும் தம்பியும் வளர்ந்தோம். அவர் 2016-ல் ரியாத் போனார், கம்ப்ரசர் மெக்கானிக் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவு. அவ்வளவுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை. அங்கேயே குடும்பத்தை வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் 2017-லிருந்து வெளிநாட்டுக்காரர்களின் குடும்பத்தில் ஒவ்வொரு தலைக்கும் மாதாமாதம் கட்டணம் வைத்து, 2020-ல் அதை ஒரு தலைக்கு 400 ரியாலாக்கி விட்டார்கள். எங்கள் சம்பளத்துக்கு அது கட்டுப்படியாகுமா? அதனால் 2023 அக்டோபரில் விசிட் விசாவில் ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வரலாம் என்று முடிவு செய்தோம். பையனுக்கு நாலு வயசு. எல்.கே.ஜி. தானே, அடுத்த வருடம் சேர்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

அம்மாவுக்குத்தான் மனசே ஆறவில்லை. "கடலே இல்லாத ஊருல மனுசன் எப்பிடிடி இருப்பான்? புள்ள மீனு இல்லாம சோறு துண்ணாதே!" என்று புலம்பி, நெத்திலிக் கருவாட்டை ஐந்து கவர் போட்டுக் கட்டிக் கொடுத்தாள். ஐந்து கவரையும் மீறி அது வாசனை அடித்தது வேறு கதை! ரியாத்தில் அதைப் பொரித்த அன்று மேல் வீட்டு மலையாளப் பெண் கதவைத் தட்டினாள். 'ஐயோ, சண்டைக்கு வந்துவிட்டாள்' என்று நான் பயந்தால், அவள் ஒரு கிண்ணத்தை நீட்டி, "கொஞ்சம் தருமோ சேச்சி?" என்றாள். அன்று முதல் அவள்தான் எனக்கு அந்த ஊரில் தோழி.

பெயர் தெரியாத சொந்தக்காரர்கள்

முதல் வெள்ளிக்கிழமை அவர் எங்களை பத்ஹா அழைத்துப் போனார். ரியாத்தில் நம் ஊர்க்காரர்கள் கூடுகிற இடம் அது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் போனால் நம் பாரிமுனை தோற்றுவிடும். தமிழ், மலையாளம், வங்காளம் எல்லாம் காதில் விழும். அங்கே கேரளா ஓட்டல்களில் அயிலாக் கறியும் மத்தி வறுவலும் கிடைத்தது. அயிலா என்றால் நம்ம காணாங்கெளுத்திதான். ஏழு வருடமாக குபூஸ் ரொட்டியும் கோழியுமே தின்று காலம் தள்ளிய மனுஷன் என் வீட்டுக்காரர். அறையில் ஆறு பேர், மீன் கழுவ இடமில்லை, வாடை வரும் என்று யாரும் வாங்குவதில்லையாம். அன்று அவர் முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பிறகு மீன் கடைக்குப் போனோம். அடேயப்பா! ஐஸ் மலை மாதிரி கொட்டி அதன் மேல் வரிசையாக மீன். ஆனால் பெயர்ப் பலகையைப் படித்தால் ஒன்றும் புரியவில்லை. மீன் மூஞ்சியைப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த மூஞ்சிகள்! ஊர் மாறிப் போய் பெயர் மாற்றிக்கொண்ட சொந்தக்காரர்கள் மாதிரி இருந்தது.

கணவர் வளைகுடா நாடுகளில் இருக்கும் தோழிகளுக்கு உதவும் என்று எழுதுகிறேன். 'ஹமூர்' என்றால் நம்ம களவா. அரபிக்காரர்கள் உயிரை விடும் மீன் இது. விலையும் அதற்கேற்ற மாதிரி. 'கனாத்' என்றால் வஞ்சிரம். 'ஸுபைதி' என்றால் வெள்ளை வவ்வால். 'ஷேரி' விளமீன். 'ஸாஃபி' நம்ம ஓரா. 'ருபியான்' என்றால் இறால். நண்டுக்கு 'குப்குப்' என்று பெயர். என் பையன் ஒரு மாதம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தான். மத்தியை 'ஸர்தீன்' என்றுதான் சொல்கிறார்கள். மலிவு, சத்து, அங்கேயும் அதுதான் ஏழை வீட்டு மீன்.

இதெல்லாம் பெரும்பாலும் கிழக்கே வளைகுடாக் கடலிலிருந்து லாரியில் ஐஸ் போட்டு வருகிறது. தம்மாமுக்குப் பக்கத்தில் கத்தீப் என்று ஒரு ஊர், மீன் சந்தைக்குப் பெயர் போனது. ராத்திரி அங்கே ஏற்றினால் காலையில் ரியாத் கடையில் இருக்கும். இன்னொரு ஆச்சரியம்: பாலைவனத்திலேயே நிலத்தடித் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி ஜிலேபி மீன் வளர்க்கிறார்கள். மணலுக்கு நடுவே மீன் துள்ளுகிறது என்று சொன்னால் அம்மா நம்பவே இல்லை.

புளி நம்மூர் பேரீச்சம் பழமாம்!

நவம்பரில் எங்கள் கல்யாண நாள். அன்று ஒரு அரபி மீன் ஓட்டலுக்குப் போனோம். குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தனியாகத் திரை போட்ட இடம். அங்கே மெனு கார்டைப் பார்த்து ஆர்டர் செய்வதில்லை. நேராக ஐஸ் மேல் அடுக்கியிருக்கும் மீனிடம் போய், 'இது வேண்டும்' என்று கையைக் காட்ட வேண்டும். எடை போட்டு, 'மஷ்வியா, மக்லியா?' என்று கேட்பார்கள். மஷ்வி என்றால் சுட்டது, மக்லி என்றால் பொரித்தது. கூடவே சயாதியா என்று ஒரு சோறு. வெங்காயத்தைக் கருஞ்சிவப்பாக வறுத்து, அந்த நிறத்திலேயே அரிசி வேகிறது. மீனவன் சோறு என்றுதான் அதற்கு அர்த்தமாம்.

ஒரு விள மீனைச் சுடச் சொன்னோம். அதோடு ஒரு சின்னக் கிண்ணத்தில் புளிப்பாக ஒரு குழம்பு வைத்தார்கள். தொட்டு நாக்கில் வைத்தேன். புளி! கடலைத் தாண்டி, மலையைத் தாண்டி, பாலைவனத்தில் மீனுக்குப் புளி! இதற்கு என்ன பெயர் என்று அவரை விட்டுக் கேட்கச் சொன்னேன். புளிக்கு அரபியில் 'தமர் ஹிந்தி' என்று பெயராம். அதாவது, இந்தியப் பேரீச்சை. நம் ஊரிலிருந்து கப்பலில் போன புளியைப் பார்த்து, 'இது இந்தியாக்காரனின் பேரீச்சம் பழம்' என்று பெயர் வைத்து விட்டார்கள் போலிருக்கிறது. என் வீட்டுப் புளிப்பானைக்கு இவ்வளவு பெரிய சொந்தம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

ஆனாலும் தோழிகளே, ஓட்டல் ஓட்டல்தான். மறுநாளே வீட்டில் வஞ்சிரத் தலை போட்டுக் குழம்பு வைத்தேன். சின்ன வெங்காயம் அங்கே தங்க விலை. பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி நன்றாக வதக்கிப் போட்டேன். ஊரிலிருந்து கொண்டு போன குழம்பு மிளகாய்த் தூள், நல்லெண்ணெய். இறக்கி வைத்து, மறுநாள் காலையில் சூடு பண்ணித்தான் ஊற்றினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நாலு தோசை தின்றார். ஐந்தாவது தோசைக்குத் தட்டை நீட்டும்போது, "உங்க அம்மா கைமணம்" என்றார். எட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பட்டம் அது!

அந்த இறால் தொண்டையில் இறங்கவில்லை

இப்போது நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

டிசம்பர் இரண்டாவது வாரம். சவூதியில் வளைகுடாப் பக்கம் ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை ஆறு மாதம்தான் இறால் பிடிக்க விடுவார்கள். மற்ற மாதங்கள் தடை. அதனால் 'சீசன் முடிவதற்குள் சாப்பிட்டு விடலாம்' என்று அவர் இரண்டு கிலோ இறால் வாங்கி வந்தார். நல்ல குளிர். மேல் வீட்டுத் தோழியையும் கூப்பிட்டு, எறா தொக்கு, எறா வறுவல் என்று விருந்து. சாப்பிட உட்காரும்போது என் செல்போனில் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. திருவொற்றியூரில் எங்கள் எதிர் வீட்டு அக்கா அனுப்பியது.

எண்ணூர் முகத்துவாரம். தண்ணீர் கறுப்பாக இருந்தது. படகு கறுப்பு, வலை கறுப்பு, மனிதர்களின் கை கால் கறுப்பு. மிக்ஜாம் புயல் மழை வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து கொசஸ்தலை ஆற்றில் கலந்து கடல் வரை பரவியிருந்தது. 2017 ஜனவரியில் எண்ணூர்ப் பக்கம் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, எர்ணாவூர் கடற்கரையில் ஆட்கள் பக்கெட்டில் எண்ணெயை அள்ளியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஏழு வருடம் கூட ஆகவில்லை, மறுபடியும் பக்கெட்!

உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். "எனக்கு இன்னா கண்ணு, நல்லாத்தான் கீறேன். வியாபாரம் நல்லாத்தான் போவுது. நீ புள்ளையப் பாரு" என்றாள். நானும் நம்பி விட்டேன். பத்து நாள் கழித்து எதிர் வீட்டு அக்காதான் உண்மையைச் சொன்னார். "உங்க அம்மா கூடை அப்படியே திரும்பிப் போகுதும்மா. எண்ணெய் மீன்னு பயந்து ஒருத்தரும் வாங்கறதில்லை. நானே வாங்கலை" என்றார்.

தோழிகளே, எங்கள் அம்மா முகத்துவாரத்து மீனை அந்த நாட்களில் தொடவே இல்லை. ஆழ்கடலுக்குப் போன விசைப்படகு மீனைத்தான் காசிமேட்டில் ஏலம் எடுத்திருக்கிறாள். அதை அவள் சொன்னால் யார் காது கொடுத்துக் கேட்பது? ஏலப் பணம் கந்து வட்டிக்கு வாங்கியது. மீன் விற்காவிட்டால் சாயந்திரம் கருவாட்டுக்குப் போட வேண்டும், அல்லது கொட்ட வேண்டும். வட்டி மட்டும் நிற்காது.

அன்றைக்கு நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. கடலிலிருந்து 400 கிலோ மீட்டர் தள்ளி, பாலைவனத்தில் உட்கார்ந்து நான் புது இறால் தின்கிறேன். கடலை ஒட்டியே பிறந்து வளர்ந்த என் அம்மா நல்ல மீனை வைத்துக்கொண்டு விற்க முடியாமல் ஒரு வேளைக் கஞ்சி குடித்திருக்கிறாள்.

அவர் அன்றே பணம் அனுப்புகிறேன் என்றார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மாப்ள காசுல நான் எத்தினி நாளு துண்ண முடியும்? எனக்குப் பிச்ச வேணாம். நீ வேணும்னா உன் தெருப் பொம்பளைங்க கிட்டச் சொல்லு, என்கிட்ட மீனு வாங்கச் சொல்லு. அது போதும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அப்படியே செய்தேன். எங்கள் தெருவில் எனக்குத் தெரிந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ரியாத்திலிருந்து பேசினேன். "அக்கா, முகத்துவாரத்து மீன் வேண்டாம், அது சரிதான். ஆனா எங்கம்மா கூடைல இருக்கறது எந்தப் படகு மீன், எங்கே பிடிச்சதுன்னு கேளுங்க. செவுளைத் தூக்கிப் பாருங்க. பிடிச்சா வாங்குங்க, பிடிக்கலைன்னா வேண்டாம்" என்றேன். முதல் நாள் இரண்டு வீடு. ஒரு வாரத்தில் ஆறு வீடு. பொங்கலுக்குள் கூடை காலியாகத் தொடங்கியது. முதலில் வாங்கியது எதிர் வீட்டு அக்காதான் என்பதை இங்கே நன்றியோடு சொல்கிறேன்.

பேரம் பேசாத இடம்

ரியாத்தில் இருந்த ஆறு மாதமும் ஒன்றைக் கவனித்தேன். ஏ.சி. கடையில் ஐஸ் மேல் மீன், அதன் மேல் விலைச் சீட்டு. களவா கிலோ 60 ரியாலுக்கும் மேல் என்று எழுதியிருந்தது. அப்போதைய கணக்குக்கு நம் பணத்தில் 1,300 ரூபாய். நான் வாயே திறக்கவில்லை. என்னோடு நின்ற நம் ஊர்ப் பெண்களும் வாய் திறக்கவில்லை. கையில் சீட்டைக் கொடுத்தான், பணத்தைக் கட்டினோம், வந்து விட்டோம்.

இதே நாம், தலையில் கூடையோடு வாசலுக்கு வந்து, உட்கார்ந்து, மீனைக் கழுவி, செதில் எடுத்து, துண்டு போட்டுக் கொடுக்கிற பெண்ணிடம் பத்து ரூபாய்க்கு எவ்வளவு நேரம் சண்டை போடுகிறோம்! "போன வாரம் இந்த விலையா விற்றாய்? இன்னும் ரெண்டு மீன் போடு" என்கிறோம். நானும் அப்படித்தான். மீன்காரி மகளான நானே வேறு மீன்காரியிடம் பேரம் பேசியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 15, 2024 அன்று சென்னை வந்து இறங்கினேன். என் நேரத்தைப் பாருங்கள், அன்றுதான் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பம்! மீன் குஞ்சு பொரித்துப் பெருக வேண்டும் என்பதற்காக நம் கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. பைபர் படகுகள் கொண்டு வரும் கொஞ்ச மீன்தான். பாலைவனத்தில் வஞ்சிரம் தின்றவளுக்குக் காசிமேட்டில் வஞ்சிரம் இல்லை! அம்மா சிரித்துக்கொண்டே, கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். தட்டில் போட்டுக்கொண்டே, "அந்த ஊரு மீனு நல்லா இருந்துச்சா கண்ணு?" என்று கேட்டாள்.

"நல்லாத்தாம்மா இருந்தது. ஆனா 'இதைக் குழம்பு வை, அதை வறு, புள்ளைக்கு இந்த மீன்ல முள் கம்மி'ன்னு சொல்ல ஒருத்தரும் இல்லை" என்றேன். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கடல் இல்லாத ஊரில் இருக்கும் தோழிகளுக்கு என் அனுபவக் குறிப்புகள்:

1. மீன் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்பதை விட ஐஸில் வந்ததா என்பதுதான் முக்கியம். கண் பளபளப்பாக, உப்பலாக இருக்க வேண்டும். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் நிமிர வேண்டும். இறாலுக்குத் தலை கழன்று தொங்கக் கூடாது.

2. காணாங்கெளுத்தி, மத்தி, சூரை இவற்றை ஐஸ் இல்லாமல் வைத்திருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். சூட்டில் கிடந்தால் அந்த மீன்களில் ஒருவித நச்சு உண்டாகிறது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. உடம்பெல்லாம் சிவந்து, அரித்து, தலைவலி வரும்.

3. உறைந்த மீனை வெந்நீரில் போடாதீர்கள். முதல் நாள் ராத்திரியே பிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்தால் பதமாக இளகும். ஒரு தடவை இளகியதை மறுபடி உறைய வைக்க வேண்டாம்.

4. கடல் மீன் சரியில்லை என்றால் ஏங்காதீர்கள். அந்த ஊர் மீனைச் சாப்பிடப் பழகுங்கள். வட இந்தியப் பக்கம் இருப்பவர்களுக்கு ரோகு, கட்லா நல்ல மீன். முள்தான் கொஞ்சம் ஜாஸ்தி. புளியும் மிளகாயும் சரியாக இருந்தால் எந்த மீனும் நம்ம வீட்டுக் குழம்பாகிவிடும்.

ஐந்தாவது ஒன்று உண்டு. அது கடலோரத்தில் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு. நாளைக் காலை உங்கள் தெருவில் 'மீனே... மீனு' என்று ஒரு குரல் கேட்கும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவள் சொன்ன விலையைக் கொடுத்து, "குடிக்கத் தண்ணி வேணுமா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த மீன் குழம்பு எப்படி இருந்தது என்று நீங்களே எழுதுங்கள்!

அன்புடன்,
ஒரு வாசகி, திருவொற்றியூர்.